நீதிபதி கிருஷ்ண ஐயரும் சாரதாம்மாவும்: இதை எப்படி எடுத்துக்கொள்வது?

#1 நூறணிப் பேரன்

எங்கள் அடுக்ககத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை வாசிப்புக் கூட்டம் நடக்கும். இந்த முறை பேச்சாளர் வரவில்லை. சும்மா கலைவானேன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கதை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில் வேர், தலச்சேரியில் வக்கீல் தொழில், டெல்லியில் உச்ச நீதிமன்றம், கடைசியில் எர்ணாகுளத்தில் வீடு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர் என்பதால் நமக்கும் பாத்தியதை உண்டு.

1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை, 1973-ல் உச்ச நீதிமன்றம், 1975 ஜூன் 24-ல் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற தீர்ப்புக்குக் கொடுத்த நிபந்தனைத் தடை, சிறைக் கைதிகள் பற்றிய தீர்ப்புகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு வந்தேன். 1980 நவம்பர் 14-ல் ஓய்வு. அதற்கு ஆறு வருடம் முன்பே, 1974-ல், மனைவி சாரதா போய்விட்டார். அந்த இழப்பிலிருந்து இவர் மீளவே இல்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. மரணத்துக்குப் பின் என்ன என்று தேடித் தேடிப் படித்தார், அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், மனைவியோடு தொடர்பு தொடர்கிறது என்று உறுதியாக நம்பினார். இதையும் சொன்னேன்.

முன்வரிசையில் சட்டம் படிக்கும் பையன் ஒருவன் எழுந்தான். "அங்கிள், இறந்தவங்களோட பேசலாம்னு நம்புறவர் சாட்சியத்தை எப்படி எடைபோட்டிருப்பார்?" என்று கேட்டான்.

கூட்டம் சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக உறுத்துகிறது. இங்கே வக்கீல்களும் இருக்கிறீர்கள், கடவுள் மறுப்பாளர்களும் இருக்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள்.

#2 கருப்பு அங்கி

பையன் கேட்டது நல்ல கேள்விதான், ஆனால் ஆளைத் தவறாகப் பிடித்திருக்கிறான். சாட்சியத்தை எடைபோடுவது பெரும்பாலும் விசாரணை நீதிமன்றத்தின் வேலை. உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு வரும்போது தட்டச்சிட்ட காகிதமாகத்தான் வரும். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்பதைப் பார்க்கத் தெரிகிறதா, அதுதான் கேள்வி. அதில் இவரை மிஞ்ச ஆளில்லை என்பது என் கருத்து.

மோதி ராம் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள், 1978. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. ஆனால் கீழே இருந்த நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கொண்டுவா என்கிறார். அண்ணன் தம்பி யாரோ வந்து நின்றால், உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்கிறார். கொத்தனார் உள்ளேயே கிடக்கிறான். கிருஷ்ண ஐயர் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டு, ஆயிரம் ரூபாய்க்கு அவனுடைய சொந்தப் பிணையிலேயே விடுங்கள் என்றார். போகிற போக்கில் ஒரு கேள்வியும் கேட்டார்: ஒரு மலையாளியோ தமிழனோ தெலுங்கனோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சவுக்கிலோ பிடிபட்டால், உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான்?

இருபது வருடமாக ஜாமீன் மனு போட்டுப் பிழைக்கிறேன். திருப்பூரில் வேலை பார்க்கிற பீகார்ப் பையன்களுக்காக அந்த வாதத்தைத்தான் இன்றைக்கும் திருப்பிப் போட்டுச் சொல்கிறேன். உள்ளூர் ரேஷன் கார்டோடு ரெண்டு பேர் வேணும் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், அது வேறு கதை.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். அவருடைய ஆங்கிலம் இருக்கிறதே! அகராதி பக்கத்தில் இல்லாமல் தீர்ப்பைப் படிக்க முடியாது. எங்கள் சீனியர் "தீர்ப்பு நல்லாருக்கு, யாராவது மொழிபெயர்த்துக் கொடுங்கப்பா" என்பார்.

#3 ஈரோட்டு வாசி

நான் எதிர்க்கட்சி. எதிர்பார்த்திருப்பீர்கள்.

அவர் தீர்ப்புகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு அந்தப் பெயர் முதலில் தெரிந்ததே ஒரு சுவரொட்டியில்தான். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் ராஜீவ் வழக்கில் 26 பேருக்கும் தூக்கு என்றது. அப்போது தூக்குக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் இந்தக் கிழவரும் ஒருவர். தமிழ்நாட்டில் பலர் வாய் திறக்கவே பயந்த நேரம் அது.

ஆனால் ஆவி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். துக்கம் அவருடைய சொந்த விஷயம். அதைப் புத்தகமாக எழுதி வெளியிட்ட பிறகு சொந்த விஷயம் ஆகாது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதியே சொல்லிவிட்டார் என்று ஆவி பிடிக்கிறவன் தன் கடையில் மாட்டிக்கொள்வானா மாட்டானா? அதற்கு யார் பொறுப்பு?

எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகனை விபத்தில் பறிகொடுத்தவர். "உங்க பையன் பேசுறான்" என்று சொல்லி ஒருத்தன் மூன்று வருடம் கறந்தான். தாலிக்கொடி வரைக்கும் போனது. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

#4 நூறணிப் பேரன்

ஈரோட்டு அண்ணா, அந்தக் கோபம் நியாயம். அவர் யாரிடமும் காசு வாங்கவில்லை என்று சொல்லி உங்களை மடக்கப் பார்க்கமாட்டேன், ஏனென்றால் நீங்கள் கேட்பது அதுவல்ல.

ஒரு சந்தேகத்தை மட்டும் தெளிவாக்க விரும்புகிறேன். துக்கம் வந்து பக்தி வந்து, அதனால் இரக்கம் வந்தது என்று சிலர் கதை கட்டுகிறார்கள். தேதி பொருந்தவில்லை. 1948-ல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று இவரையே ஒரு மாதம் சிறையில் போட்டார்கள். அப்போது கல்யாணமாகி ஏழு வருடம். 1957-ல் அமைச்சரானபோது சட்டம், மின்சாரம், நீர்ப்பாசனத்தோடு சிறைத்துறையும் அவர் கையில். உள்ளே கிடந்தவரிடமே சாவி வந்தது. கேரள உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது, 1970 வாக்கில், யூசுப் ராவுத்தர் வழக்கு. கணவன் பராமரிக்காவிட்டால் முஸ்லிம் மனைவி விவாகரத்து கேட்கலாம் என்று, குரானை மேற்கோள் காட்டியே எழுதினார். இதெல்லாம் சாரதாம்மா உயிரோடு இருந்த காலம்.

அதனால் மனைவி போனது அவரை நல்லவராக்கியது என்பது சினிமாக் கதை.

#5 மகிழம்பூ

நான் வழக்கமாக இந்தப் பகுதியில் எழுதுவதில்லை, சமையல் பகுதியோடு சரி. ஆனால் தலைப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

எங்கள் அப்பா நீதிபதி இல்லை. முன்சீப் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் நாலு வருடம். காலையில் ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, விபூதி பூசி, ஒரே டிகாக்‌ஷனில் இரண்டு டம்ளர் காபி கலப்பார். ஒன்றை அம்மா படத்துக்கு முன்னால் வைப்பார். அப்புறம் பேச்சு. "கேஸ் சிலிண்டர் இன்னிக்கு வருது. பேத்திக்கு ஜுரம் விட்டாச்சு. அந்த ரெண்டாவது பீரோ சாவி எங்க வச்ச, இன்னும் கிடைக்கலை." பத்து நிமிடம் போல. பிறகு ஆறிப்போன அந்தக் காபியையும் தானே குடித்துவிடுவார், வீணாக்கக் கூடாது என்று.

முதலில் எனக்குப் பயமாக இருந்தது. தம்பி டாக்டரிடம் அழைத்துப் போகலாம் என்றான். ஒருநாள் அப்பாவிடமே கேட்டேன், "அம்மா கேக்கறாளாப்பா?" என்று. "நாப்பத்தாறு வருஷம் இந்த நேரத்துக்குத்தான் பேசியிருக்கேன். இப்ப எங்க போய்ப் பேசறது?" என்றார்.

இதே அப்பா கோர்ட் கட்டில் ஒரு தாள் முன்பின் மாறினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். வங்கிக் கணக்கு, மின்கட்டணம், எனக்கு வருமான வரி, எல்லாம் அவர்தான் பார்க்கிறார். ஒன்றில்கூடத் தப்பு வந்ததில்லை. அந்தப் பையனின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

#6 ஈரோட்டு வாசி

மகிழம்பூ, உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். அவர் படத்தோடு பேசுகிறார். படம் பதில் சொல்கிறது என்று புத்தகம் எழுதவில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கிருஷ்ண ஐயரின் ஆன்மிகம் தீர்ப்புக்குள்ளேயே வந்ததா இல்லையா? கைதிகளுக்குத் தியானம் சொல்லிக்கொடுங்கள் என்று எழுதினார் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். வக்கீல் சார் ஆமாம் இல்லை என்று சொல்லட்டும்.

#7 கருப்பு அங்கி

ஆமாம், எழுதினார். மறைக்க என்ன இருக்கிறது?

1977-ல் இரண்டு வழக்குகள். ஒன்று முகமது கியாசுத்தீன், ஆந்திரம், மோசடி வழக்கு, இளைஞன். மூன்று வருடத் தண்டனையைப் பதினெட்டு மாதமாகக் குறைத்தார். மற்றது ஹீராலால் மல்லிக், பீகார். கொலையில் பங்கு என்று தண்டிக்கப்பட்டவனுக்குச் சம்பவத்தின்போது வயது பன்னிரண்டு. இரண்டிலும் சிறை என்பது ஆளை நசுக்குகிற இடமாக இல்லாமல் சீர்படுத்துகிற இடமாக இருக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டே போய், யோகம், தியானம் என்று வருகிறார். குறிப்பாக மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம். அந்தக் காலத்தில் அதற்கு உலகம் முழுக்க ஒரு அலை.

எனக்கும் அந்தப் பத்திகள் கொஞ்சம் நெருடும். ஒரு குறிப்பிட்ட தியான முறையின் பெயர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏன் வரவேண்டும்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தியானம் செய்யாவிட்டால் ஜாமீன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. தண்டனையைக் குறை, உருப்படியான வேலை கொடு, கூலி கொடு என்றெல்லாம் சொல்லிவிட்டு, அதோடு இதையும் யோசி என்கிறார். பத்து ரூபாய் தானம் கொடுத்துவிட்டுக் கூடவே திருநீறும் கொடுக்கிற மாதிரி. திருநீறு வேண்டாம் என்றால் தட்டிவிட்டுக்கொள்ளலாம், பத்து ரூபாய் செல்லும்.

#8 ஈரோட்டு வாசி

உவமை நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்ளமாட்டேன், ஆனால் நன்றாக இருக்கிறது.

#9 நாகூர்க் காற்று

பக்தியும் பெஞ்சும் என்றால் நம்ம ஊர் எம்.எம். இஸ்மாயில் அவர்களை எப்படி மறந்தீர்கள்? 1921-ல் நாகூரில் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. ஐவேளைத் தொழுகை விடாத மனிதர், சென்னைக் கம்பன் கழகத்தின் முதுகெலும்பு. வாலியை மறைந்திருந்து கொன்றது சரியா என்று அவர் அலசினால் அது அப்படியே கோர்ட் வாதம் மாதிரி இருக்கும். இரு தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் முடிவுக்கு வருவார்.

நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் மிசா சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களை அடித்ததை விசாரித்த ஆணையமும் அவர்தான். 1981-ல் கேரளத்துக்கு மாற்றினார்கள். போகமாட்டேன் என்று பதவியையே விட்டார். அதற்குப் பிறகு கம்பன்தான். 2005-ல் மறையும் வரைக்கும்.

எங்கள் வாப்பா சொல்வார், "தொழுகைப் பாயை மடிச்சு வச்ச கையோட கம்பராமாயணத்தைப் பிரிக்கிற ஆளு" என்று. அவருக்கு ஒரு மதம், ஒரு காவியம், ஒரு சட்டம். ஒன்றை ஒன்று இடிக்கவில்லை.

#10 நெறியாளர்

இஸ்மாயில் அவர்களுக்குத் தனி இழை தொடங்குவது நல்லது, நாகூர்க் காற்று. நிறைய எழுத இருக்கிறது. (வாலி வதம் பற்றி இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம், போன முறை 340 பின்னூட்டம் போய்ப் பூட்ட வேண்டியதாயிற்று.)

#11 மாஹே ரயில்

நான் கொச்சியில் எட்டு வருடம் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். எம்.ஜி. ரோடு வழியாகப் போகும்போது கூட வந்தவர்கள் அந்த வீட்டைக் காட்டுவார்கள். பெயர் 'சத்கமய'. அசதோ மா சத் கமய என்ற உபநிடத வரியிலிருந்து எடுத்தது. பொய்மையிலிருந்து மெய்மைக்கு அழைத்துப் போ என்று அர்த்தம். ஒரு நீதிபதி வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைப்பது?

அந்தப் பிரார்த்தனைக்கு மூன்று வரி என்பதை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது வரி, மரணத்திலிருந்து மரணமின்மைக்கு அழைத்துப் போ என்பது. வாசலில் முதல் வரி எழுதியிருக்கிறது, உள்ளே அந்த மனிதர் மூன்றாவது வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும். இது என் கற்பனைதான், விட்டுவிடுங்கள்.

கேரளத்தில் அவர் ஓய்வுபெற்றார் என்று யாரும் நினைத்ததே இல்லை. பெரிய வக்கீல்கள் நடத்துகிற ஆலோசனை, மத்தியஸ்தம் என்று காசு பார்க்கிற பக்கமே போகவில்லை. மருத்துவமனைக் கட்டணத் தகராறு, குடிசை இடிப்பு, போலீஸ் அடி, எதுவானாலும் "ஸ்வாமியைப் போய்ப் பாரு" என்பார்கள். உடனே ஒரு கடிதம் கிளம்பும், முதலமைச்சருக்கோ பிரதமருக்கோ. மறுநாள் மாத்ருபூமியிலோ ஹிந்துவிலோ வந்திருக்கும்.

#12 நூறணிப் பேரன்

கடிதம் என்றதும் ஒன்று தோன்றுகிறது. இதை நான் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

1979-ல் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற தூக்குக் கைதி ஒரு கடிதம் எழுதினான். தன்னைப் பற்றி அல்ல. பக்கத்துக் கைதி பிரேம் சந்தை வார்டர் பணம் பறிக்கச் சித்திரவதை செய்கிறான் என்று. மனு இல்லை, வக்கீல் இல்லை, முத்திரை இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள், தீர்ப்பு எழுதியவர் கிருஷ்ண ஐயர். கைவிலங்கு வழக்கும் அப்படித்தான், பிரேம் சங்கர் சுக்லா, 1980. கைதி சுக்லா அனுப்பியது ஒரு தந்தி. இப்போதைய பிள்ளைகளுக்குத் தந்தி என்றால் நாளிதழ் என்றுதான் தெரியும்.

சட்டப்படி கதவைத் தட்டத் தெரியாதவன் குரல் கொடுத்தால் கேட்கவேண்டும் என்ற பிடிவாதம் அந்த மனிதருக்கு இருந்தது. காது அப்படிப் பழகியிருந்தது. அதே காது மனைவி விஷயத்திலும் மூட மறுத்தது. பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுவா? தெரியவில்லை. ஈரோட்டு அண்ணா அடிக்க வருவார்.

#13 ஈரோட்டு வாசி

அடிக்கத்தான் வந்தேன்.

பிரேம் சந்த் இருந்தான், தம்பி. உடம்பில் காயம் இருந்தது. நீதிமன்றம் ஆள் அனுப்பிப் பார்க்க முடிந்தது. அந்தக் கடிதத்தை நம்பியது பெருந்தன்மையால் மட்டுமல்ல, சரிபார்க்க வழி இருந்ததால். இதையும் அதையும் ஒரே காது என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும், ஆனால் அந்தத் தீர்ப்பின் மதிப்பை நீங்களே குறைக்கிறீர்கள்.

குடும்பம் என்ற பக்கத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி. 2011-ல் அவர் தலைமையில் ஒரு குழு கேரள அரசிடம் பெண்கள், குழந்தைகள் நலனுக்கான சட்ட வரைவு ஒன்றைக் கொடுத்தது. அதில் நல்லது பல இருந்தது. ஆனால் மூன்றாவது பிள்ளை பெற்றால் அபராதமோ சிறையோ என்றும் இருந்தது. பிஷப்புகளும் முஸ்லிம் அமைப்புகளும் கொதித்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான் (வாழ்க்கையில் ஒரே ஒரு முறை!). சிறைக் கதவைத் திறப்பதற்கே வாழ்ந்த மனிதர், பிள்ளை பெற்றதற்குச் சிறை என்று எழுதிய தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்?

#14 கருப்பு அங்கி

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மோசமான பரிந்துரை. அரசும் அதைத் தொடவில்லை.

மற்றதில் ஈரோட்டார் சொல்வது சட்டப்படி சரி. நூறணி, உங்கள் 'ஒரே காது' வாதம் என் ஜூனியர் சொல்லியிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன்.

#15 பழைய போலீஸ்

குடும்பம் என்றால் ஒரு தகவல். கிருஷ்ண ஐயரின் தம்பிதான் வி.ஆர். லட்சுமிநாராயணன், நம் தமிழ்நாட்டு டி.ஜி.பி.யாக இருந்தவர். காவல்துறையில் எங்களுக்கு வி.ஆர்.எல். 2019-ல் சென்னையில் காலமானார். 1977 அக்டோபரில் இந்திரா காந்தியை சி.பி.ஐ. கைது செய்தபோது அங்கே முக்கியப் பொறுப்பில் இருந்தவர்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1975 ஜூனில் அண்ணன் முன்னால் அந்த அம்மாவின் மனு வருகிறது. அவருக்காகப் பிரபல வக்கீல் பால்கிவாலா வாதாடுகிறார். பிரதமராக நீடிக்கலாம், மக்களவைக்குப் போகலாம், ஓட்டுப் போட முடியாது, எம்.பி. சம்பளம் கிடையாது என்று நிபந்தனை போட்டுத் தடை கொடுக்கிறார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை. இரண்டு வருடம் கழித்துத் தம்பியின் துறை அதே அம்மா வீட்டு வாசலில் வாரண்டோடு. ஒரே வீட்டுப் பிள்ளைகள்! தீபாவளிக்குக் கூடினால் என்ன பேசியிருப்பார்களோ.

அந்த 1975 மனு வரும் முன்னால் சட்ட அமைச்சர் கோகலே போன் செய்து வந்து பார்க்கலாமா என்று கேட்டாராம். மனு போடுவதென்றால் பதிவாளரிடம் போடுங்கள், என்னைப் பார்க்க வேண்டியதில்லை என்றாராம் ஐயர். அவரே பின்னாளில் சொன்னது. இத்தனைக்கும் மனைவி போன துக்கம் ஆறாத காலம் அது. மனிதர் உடைந்திருந்தார், ஆனால் அந்த இடத்தில் உடையவில்லை. அந்தச் சட்டக் கல்லூரிப் பையனிடம் இதைச் சொல்லுங்கள். ஆவி, தியானம் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

#16 நூறணிப் பேரன்

சார், இது நான் தேடிக்கொண்டிருந்தது! நேரக் கணக்கில் பார்க்கத் தோன்றவே இல்லை. 1974-க்குப் பிறகுதான் அவருடைய பெரிய தீர்ப்புகளில் பாதிக்கு மேல். மோதி ராம், பத்ரா, முத்தம்மா (வெளியுறவுப் பணியில் பெண் கல்யாணம் செய்துகொள்ள எழுத்துமூலம் அனுமதி வாங்கவேண்டும் என்ற விதியைக் கடுமையாகச் சாடியது, 1979), ரத்லம் வழக்கு (நகராட்சி சாக்கடை கட்டியே ஆகவேண்டும் என்றது, 1980), எல்லாம் அந்த ஆறு வருடத்தில். பகலில் அந்த வேலை. இரவில் அவருக்கும் சாரதாம்மாவுக்கும் நடுவில் என்னவோ. பகல் வேலையில் இரவின் கை படவில்லை என்பதைக் காட்ட ஒவ்வொரு தீர்ப்பும் காகிதத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துப் பிழை கண்டுபிடிக்கலாம்.

என் பாட்டி இதையெல்லாம் இவ்வளவு நீட்டமாட்டாள். "ஏண்டா, மனுஷனோட ஆத்துக்காரி போயிட்டா, அவர் பேசறார். நோக்கென்ன?" என்பாள்.

#17 ஈரோட்டு வாசி

பழைய போலீஸ் சொன்னதும் நீங்கள் இப்போது சொன்னதும் வாதம். தீர்ப்பைப் படி, பிழை கண்டுபிடி. இதை ஏற்கிறேன். பாட்டியோடு நான் மோதத் தயாரில்லை.

ஆவி இல்லை. அது மட்டும் பதிவாகட்டும்.

#18 மாஹே ரயில்

ஒரு சின்னத் திருத்தம், யாரும் கேட்கவில்லை என்றாலும். அவர் 2014 டிசம்பர் 4-ல் கொச்சியில் காலமானபோது பத்திரிகைகள் சில 100 என்றன, சில 99 என்றன. 65-ல் ஓய்வு, 1980 நவம்பர் 14 என்று கணக்கிட்டால் 1915 நவம்பர் 15 வருகிறது. அப்படியானால் நூறாவது வயதில் போனார், நூறு முடியவில்லை. ஊரில் 1914 என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் போட்டதுதானே தேதி.

#19 கருப்பு அங்கி

1987 குடியரசுத் தலைவர் தேர்தலை யாரும் சொல்லவில்லையே. ஆர். வெங்கட்ராமனுக்கு எதிராக எதிர்க்கட்சிகள் நிறுத்தியது இவரைத்தான். தோற்பார் என்று அவருக்கே தெரியும். ராஜாமடத்துக்காரரும் பாலக்காட்டுக்காரரும், இரண்டு பேருமே தமிழ்க் குடும்பத்து வக்கீல்கள், இரண்டு பேருமே தொழிலாளர் வழக்கில் பெயர் எடுத்தவர்கள். நம் ஊரில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

நூறணி, அந்தப் பையனை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். மோதி ராம் தீர்ப்பை அச்செடுத்துக் கொடுத்து அவனையே படிக்கச் சொல்லுங்கள். நீளமில்லை. அகராதியும் சேர்த்துக் கொடுங்கள்.

#20 நூறணிப் பேரன்

கூப்பிட்டாயிற்று சார். வருகிறேன் என்றான். "ஆவி புத்தகமும் இருக்கா அங்கிள்?" என்று கேட்டிருக்கிறான். விடமாட்டான் போல.

#21 மகிழம்பூ

இந்த இழையை நேற்று சாயங்காலம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குக் கிருஷ்ண ஐயரைத் தெரிந்திருந்தது. ஜாமீன் கட்டில் அந்தத் தீர்ப்பை இணைத்து வக்கீல்கள் கொண்டுவருவார்களாம். "ஐயர் தீர்ப்புன்னா பக்கம் ஜாஸ்தி, நகல் எடுக்கக் கை ஒடிஞ்சுடும்" என்றார். ஆவி விஷயம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, "அந்த அம்மா பதில் சொன்னாளாமா?" என்று கேட்டார்.

சொன்னதாக அவர் நம்பினாராம்ப்பா என்றேன்.

"குடுத்து வச்சவர். உங்க அம்மா உயிரோட இருக்கறச்சேயே நான் கேட்டதுக்குப் பதில் சொன்னதில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். இன்று காலையும் இரண்டு டம்ளர்தான். பீரோ சாவி இன்னும் கிடைக்கவில்லை.